கம்பியில்லாக் குச்சிக்கு வைத்தியம்

ரேடியோ ரிப்பேர் கடைக்குச் சாமானைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில், "நேத்து வரைக்கும் நல்லாத்தான் பாடிச்சு" என்று சொல்லாத ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. தென்காசி பஜாரில் கடை வைத்திருந்த காலத்தில் வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர், டேப் ரெக்கார்டர், பிறகு டி.வி. என்று என்னென்னவோ என் மேஜைக்கு வந்தன. எல்லாம் நேற்று வரை நன்றாகப் பாடியவை, நான் தொட்ட பிறகு கெட்டவை. அடுத்தவர் சாமானைத் திருகாணி கழற்றிப் பார்த்த பாவம் செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சலை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எண்பதுகளில் ஒரு குற்றாலம் சீசன் முழுக்க ஒரே ஒரு சாமான் என்னைப் படுத்திய பாட்டை மட்டும் சொல்கிறேன்.

வந்து இறங்கியது

குத்துக்கல்வலசை இசக்கிமுத்து மஸ்கட்டில் கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்தவன். கல்யாணமாகி ஆறு வருஷம். அதில் பெண்டாட்டி கோமதியோடு சேர்ந்து இருந்தது எல்லா லீவும் கூட்டினால் ஏழு மாதம். அந்த முறை வரும்போது ஒரு கலர் டி.வி.யும் ஒரு டி.வி. கேம் பெட்டியும் கொண்டுவந்தான். திரையில் மேலேயிருந்து பூச்சி பூச்சியாக இறங்கும். கையில் இருக்கிற குச்சியை ஆட்டினால் கீழே இருக்கிற துப்பாக்கி நகரும், பொத்தானை அழுத்தினால் சுடும். இதில் அதிசயம், குச்சிக்கும் பெட்டிக்கும் நடுவே ஒயரே கிடையாது. குச்சிக்குள் பேட்டரி, பெட்டிக்குள் ஒரு ஏரியல் ஒயர், அவ்வளவுதான்.

ஐந்தருவியில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை பிடித்து, ஆனி பிறந்ததும் இசக்கி கடை போட்டுவிட்டான். கடை ஓடினால் ஊரோடு இருந்துவிடுவது, ஓடாவிட்டால் ஆவணி பிறப்பதற்குள் மஸ்கட்டுக்குத் திரும்பிவிடுவது என்று ஏற்பாடு. அதற்கு மேல் தாமதித்தால் விசா செல்லாது. மறுநாளே இருவரும் என் கடைக்கு வந்துவிட்டார்கள். ஆட்டத்தின் நடுவே குச்சிக்கும் பெட்டிக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறதாம். துப்பாக்கி மரம் மாதிரி நிற்க, பூச்சிகள் சாவகாசமாக இறங்கி அதைத் தின்றுவிடுகின்றனவாம். இசக்கி குச்சியின் குணாதிசயங்களைக் கால் மணி நேரம் விவரித்தான். கோமதி மூன்றே வாக்கியத்தில் முடித்தாள்.

"இந்தக் குச்சி ஒழுங்கா வேல செஞ்சா இவுக இங்கன இருப்பாக அண்ணாச்சி. இல்லன்னா ஏரோப்ளேன் ஏறிருவாக. பாத்துச் செய்யுங்க."

சந்தனம்

பேட்டரி மூடியைத் திறந்தேன். உள்ளே ஸ்பிரிங் தெரியவில்லை. அதன் மேல் காய்ந்துபோன சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். பேட்டரியின் இரண்டு முனையிலும் அதே அலங்காரம். கடை திறந்த அன்று பூஜை போட்டிருக்கிறான். டி.வி.க்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, குச்சிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்தவன் மூடியையும் கழற்றி உள்ளே வைத்திருக்கிறான். ஈரமாக இருந்தவரை கரண்ட் எப்படியோ புகுந்து போயிருக்கிறது. காய்ந்ததும் வழி அடைத்துவிட்டது.

நான் ஒன்றும் சந்தனத்துக்கு விரோதி இல்லை. ஆயுத பூஜையன்று என் சால்டரிங் அயர்னுக்கே பொட்டு வைக்கிறவன்தான். ஆனால் கைப்பிடியில் வைப்பேன். சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, "வைக்கிறதுதான் வைத்தாய், வெளியே வைத்தால் ஆகாதா?" என்று கேட்டேன். இசக்கி என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"மேல மட்டும் வச்சாப் போதுமா அண்ணாச்சி? உசுரு உள்ளல்லா இருக்கு!"

எண்ணெய்

மூன்றாம் நாள் குச்சி மறுபடி நின்றுவிட்டது என்று இசக்கி அனுப்பிய ஆள் வந்து நின்றது. பஸ் ஏறி ஐந்தருவிக்கே போனேன். போனதும் விஷயம் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. குற்றாலத்துக்கு வருகிறவன் முதலில் என்ன செய்வான்? உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொள்வான். அருவியில் கூட்டமாக இருந்தால் எண்ணெய் ஊறட்டும் என்று கடை கடையாகச் சுற்றுவான். அப்படிச் சுற்றுகிறவர்கள் அத்தனை பேரும் இசக்கியின் குச்சியைப் பிடித்திருக்கிறார்கள். குளித்து முடித்தவர்கள் மிச்சத் தண்ணீரைச் சேர்த்திருக்கிறார்கள். பிரித்தபோது குச்சிக்குள் ஒரு அப்பளம் பொரிக்கலாம் போலிருந்தது.

ஸ்பிரிட் விட்டுக் கழுவி, குச்சிக்கு ஒரு பாலிதீன் பை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டேன். 'கையைத் துடைத்துவிட்டுத் தொடவும்' என்று அட்டையில் எழுதியும் தொங்கவிட்டேன். முதலில் வந்தவர் புளியங்குடி எலுமிச்சங்காய் வியாபாரி ஒருவர். அட்டையை எழுத்துக்கூட்டி வாசித்தார். மரியாதையாக இடுப்புத் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். அந்தத் துண்டில் கையைவிட அதிகம் எண்ணெய் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே கேட்டுவிட்டார்.

"கையத் துடைக்கணும்னு எழுதியிருக்கீரு. எதுலன்னு எழுதலியே வே?"

அன்னாசிப்பழம்

அடுத்த கடையில் புனலூர்க்காரச் சேச்சி ஒருவர் அன்னாசிப்பழ ஜூஸ் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மிக்ஸியைப் போட்டால் இங்கே துப்பாக்கி நிற்கிறது, அணைத்தால் நகர்கிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகலும் ஐந்து கிளாஸ் ஜூஸும் ஆயிற்று. மிக்ஸி மோட்டாரில் தீப்பொறி பறந்தால் ரேடியோவில் கரகரப்பு வருமே, அதே கதைதான். இங்கே கரகரப்புக்குப் பதில் துப்பாக்கியே செத்துப்போகிறது.

சேச்சியைக் கெஞ்சி மிக்ஸியைக் கழற்றி, கார்பனைத் தேய்த்து, தீப்பொறியின் தொந்தரவை அடக்க ஒரு கண்டென்சரும் போட்டுக் கொடுத்தேன். இலவசமாகத்தான். மிக்ஸி பூனை மாதிரி ஓடியது. நன்றி சொல்வார் என்று நின்றேன். இதற்குள் நீங்கள் யூகித்திருப்பீர்கள்.

"சாரு தொட்ட பெறவு ஜூஸுக்குப் பழைய மதுரம் இல்லன்னு ஆளுக பறையுதாக."

புதுச் சட்டம்

இத்தனைக்குப் பிறகும் குச்சி நின்றது. முன்பு ஒரு நிமிஷத்தில் நின்றது, இப்போது நான்கு நிமிஷத்தில். அதுதான் என் வைத்தியத்தின் பலன். இசக்கி வெறுத்துப்போய் ஒரு சிலேட்டில் எழுதி வாசலில் வைத்தான்: 'குச்சி நின்றால் ஆட்டம் முடிந்தது. அடுத்தவர் வரவும்.'

கடை அன்றோடு காலி என்றுதான் நினைத்தேன். நடந்ததோ வேறு. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கவிடாமல் தடுத்த ஒரு நாள், ஈரத் துண்டோடு ஒரு கூட்டமே கொட்டகை முன்னால் நின்றது. ஒருவர் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றால் குச்சி நிற்காது என்றார். இன்னொருவர் மூச்சை அடக்கிக்கொண்டு ஆடினார். ஒருவர் குச்சியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஆரம்பித்தார். எவருக்கு எப்போது நிற்கும் என்று தெரியாது. நின்றதும் கூட்டம் கொல்லென்று சிரிக்கும். தோற்றவரும் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்குக் கொடுப்பார். கோமதி வரிசையைக் கவனித்துக்கொண்டாள். எனக்கு மட்டும் அவமானமாக இருந்தது. மூலையில் ஒளிந்து நின்ற என்னிடம், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஒரு சர்க்கார் குமாஸ்தா ஆறுதல் சொன்னார்.

"எங்க ஆபீஸ்ல ஃபைலும் இப்படித்தான் சார், பாதியில நிக்கும். ஆனா அங்கன ஒருத்தனும் சிரிக்க மாட்டான்."

வெற்றி

ஆடி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. சொத்தைச் சாமானை நம்பி எப்படி வேலையை விடுவது என்று இசக்கி புலம்ப ஆரம்பித்தான். டிக்கெட் விசாரித்திருக்கிறான் என்று கோமதி என் காதில் போட்டாள். கூட்டம் குறைந்த ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியையும் குச்சியையும் கடைக்குக் கொண்டுவந்து, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகவில்லை. நாலு மணிக்கு அகப்பட்டது. பெட்டிக்குள் ஏரியல் ஒயரின் அடியில், ஈயம் பற்றவைத்த இடத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். சூடேறினால் விரிந்து விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும்.

ஒரு சொட்டு ஈயம். அவ்வளவுதான். ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு டி.வி.யில் பெட்டியை மாட்டிவிட்டு, குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி எதிர்த்த தையல் கடை வரைக்கும் போய் ஆட்டினேன். அங்கேயிருந்தும் துப்பாக்கி நகர்ந்தது! வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ராத்தூக்கம் கெடுத்த பழுது தீரும்போது வருகிற சந்தோஷம் தொழில்காரனுக்குத்தான் தெரியும். வாங்கிக்கொள்ள வந்த இசக்கி அரை மணி நேரம் நிற்காமல் ஆடிப் பார்த்தான். கூட வந்த கோமதி ஏனோ வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். பேசியது இசக்கிதான்.

"சாமான்னா இதுல்லா சாமான்! இனி கோமதி ஒருத்தியே கடையப் பாத்துக்கிடுவா."

ராயகிரிக்காரர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வெற்றியைக் கண்ணாரப் பார்க்கப் போனேன். ராயகிரியிலிருந்து வேனில் குடும்பத்தோடு வந்த, விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர் காலை பத்து மணிக்குக் குச்சியைப் பிடித்தார். பன்னிரண்டு மணிக்கும் அவர் கையில்தான் இருந்தது. பூச்சி இறங்க இறங்கச் சுட்டுத் தள்ளுகிறார். துப்பாக்கியைப் பூச்சி தின்னாதவரை, சிலேட்டில் இருக்கிற சட்டப்படி குச்சி நின்றால்தான் ஆட்டம் முடியும். குச்சிதான் நிற்காதே! வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்று ஜூஸ் கடைக்குப் போனார்கள். அவருடைய வேன்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து தூங்கிவிட்டான்.

"அண்ணாச்சி, மத்தவுகளும் ஆடணும்" என்று இசக்கி தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கம்பங்காட்டுல கிளி வெரட்டுன கைல்லா இது! லேசுல விட்டுருமாலே?"

விபரீத வேண்டுகோள்

அந்த வாரம் முழுக்க அப்படியே போயிற்று. ஆடத் தெரிந்தவன் விடுவதில்லை. ஆடத் தெரியாதவனுக்குப் பழியைப் போடக் குச்சி இல்லை. சிரிப்பு நின்றது, கூட்டம் வருவதும் நின்றது. ஆவணிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது கோமதி தனியாக என் கடைக்கு வந்தாள். சர்வீஸுக்கு என்று இசக்கியிடம் சொல்லிப் பெட்டியை வாங்கி வந்திருந்தாள். மேஜையில் வைத்துவிட்டு, இதைப் பழையபடி கெடுத்துத் தாருங்கள் என்றாள்.

எனக்கு வந்ததே கோபம்! வாழ்நாளெல்லாம் கெட்டதை நல்லதாக்கிச் சோறு தின்றவன், நல்லதைக் கெடுப்பேனா? கை கூசாதா? ஒரு அலாரம் கடிகாரத்தை வைத்து ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று மணியடித்தால் போயிற்று என்று சத்தம் போட்டேன். அதையும் முந்தாநாள் வைத்துப் பார்த்துவிட்டார்களாம். கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்களாம். கோமதி குரலை உயர்த்தவே இல்லை.

"மணியடிச்சா எங்க மேல கோவப்படுதாக அண்ணாச்சி. தானா நின்னா சிரிச்சிட்டுப் போவாக."

கைராசி

இரண்டு நாள் பெட்டியைத் தொடாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் தொட்டேன். விரிசலைத் திரும்ப உண்டாக்க மனசு வரவில்லை. அதற்குப் பதில், ஏரியல் ஒயரில் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தேன். இப்போது பெட்டிக்குப் பக்கத்தில் அமைதியாக நின்று ஆடினால் ஒன்றும் ஆகாது. உற்சாகத்தில் இரண்டடி பின்னால் துள்ளினால் போச்சு. உற்சாகம் வந்தும் துள்ளாதவன் ஐந்தருவிக்கு ஏன் வருகிறான்? மறு வாரமே ராயகிரிக்காரர் திரும்ப வந்து, பத்தாவது நிமிஷம் துள்ளினார். கூட்டம் சிரித்த சிரிப்பில் அவர் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது.

இசக்கிக்கு நாங்கள் சொல்லவில்லை. பழுது திரும்ப வந்துவிட்டதே என்று மூன்று தடவை என்னிடம் ஓடிவந்தான். சாரல் காற்று என்று மலையின் மேல் பழியைப் போட்டேன், அது மறுத்துப் பேசாது. உள்ளுக்குள் எனக்குப் பயம். கூட்டம் வந்தாலும், சாமான் சரியில்லை என்று விமானம் ஏறிவிட்டால், அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் நானே மண்ணைப் போட்டதாகிவிடும். ஆவணி முதல் தேதி ஐந்தருவிக்குப் போனேன். கொட்டகையில் ஏகக் கூட்டம். இசக்கி இருந்தான்! டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டானாம். கோமதி வரிசையில் யாரையோ நகரச் சொல்லிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை, ஆனால் முகம் பூரா சிரிப்பு. இசக்கி என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டுபோய்த் தோளில் கைவைத்து, மனசு நோகாமல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான்.

"கோவிச்சுக்கிடாதீக அண்ணாச்சி, ஒங்களுக்குக் கைராசி கெடையாது. இது மட்டும் சரியாயிருந்தா, கடைய இவ கையில குடுத்துட்டு நான் மஸ்கட்டுக்குப் போயிருப்பேன். நின்னு நின்னு போற சாமான இவ ஒத்தையில எப்படிச் சமாளிப்பா? அதான் இருந்துட்டேன்."

அன்றிலிருந்து என்னைக் கைராசி இல்லாதவன் என்று யார் சொன்னாலும் நான் மறுத்துப் பேசுவதில்லை. சில வீடுகளுக்கு அந்த ராசிதான் பொருந்துகிறது.