கதகதப்பான ஒரு மூலை

“இந்த வீட்டுல கதகதப்பா ஒரு மூலை உண்டா?”

தையல்காரம்மா தினமும் காலையில் கேட்கும் கேள்வி இது. வீட்டுக்கு முன்னால் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று வெயிலை மறித்துக்கொண்டு நிற்கிறது. தரைத்தளத்தில் இரண்டே அறை. காலை ஊன்றினால் குளிர் முழங்கால் வரை ஏறும். மனுஷருக்குப் போர்வை இருக்கிறது, பன் மாவுக்கு என்ன இருக்கிறது? ஈஸ்ட் போட்ட மாவு சூட்டில்தான் உப்பும். அதனால் மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவார். ஃப்ரிட்ஜ் மேல் வைத்துப் பார்த்தார். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம் அடுக்குக்கு நடுவிலும் வைத்துப் பார்த்தார். ஒரு பாவாடை பாழானதுதான் மிச்சம். கடைசியில் ஓவன்தான் கைகொடுத்தது. சூட்டைத் திருகாமல் உள்ளே பல்பை மட்டும் எரியவிட்டால் போதும், ஒரு மணி நேரத்தில் மாவு மூடியைத் தொடும்.

இத்தனை பாடும் நாத்தனாரின் ஒரு பல்லுக்காக.

நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன் இந்த வீட்டில் பன்னைக் கடித்தார், இடது கடைவாய்ப் பல் பாதி போயிற்று. “என்னைப் பன்னாலயே அடிச்சுட்டா” என்று சொந்தம் முழுக்கப் போன் போட்டார். தையல்காரம்மாவும் சும்மா இருக்கவில்லை. “மாவு மட்டம், நான் என்ன பண்ண? பல்லு ஏற்கெனவே ஆடிட்டுதான் இருந்துச்சு” என்றார். அவ்வளவுதான், போக்குவரத்து நின்றது. அன்றிலிருந்து வீம்புக்குத் தினமும் ஆறு பன். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் முனகுவார்: “எனக்கு இருக்கறது வயிறா, பேக்கரியா?”

போன வாரம் நாத்தனாரே கூப்பிட்டார்.

“ஞாயித்துக்கிழமை டியூட்டி முடிச்சிட்டு மதியம் பன்னெண்டரைக்கு வரேன். அதே பன்னைப் போடு. கல்லு மாதிரி இருந்துச்சுன்னா, அப்படியே திரும்பிப் போயிட்டே இருப்பேன். அப்புறம் இந்த ஜென்மத்துல உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

“வாங்கண்ணி” என்றார் தையல்காரம்மா.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு மாவு ஓவனுக்குள் போனது. பிளாஸ்டிக் பாத்திரம், பிளாஸ்டிக் மூடி, பல்பு வெளிச்சம். அவர் குளிக்கப் போனார். லிஃப்ட் மெக்கானிக் அடுப்படிக்கு வந்தார். ஓவனில் பல்பு எரிகிறது, திருகு சைபரில் நிற்கிறது. பாவம், பதற்றத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்தார். நூற்று எண்பதுக்குத் திருகிவிட்டு, உபகாரம் செய்த நிம்மதியோடு சவரம் பண்ணப் போனார்.

நாற்றம்தான் முதலில் வந்தது. தையல்காரம்மா ஈரத் தலையோடு ஓடிவந்து கதவைத் திறந்தால், மூடி உருகி மாவின் மேல் வழிந்து கிடந்தது.

“யாரு திருகினது?”

“நீ மறந்துட்டேன்னு…”

“நான் மறக்கலங்க. நீங்க வாழ்நாள்ல ஒரே ஒரு தடவை அடுப்படிக்கு வந்தீங்க, அதுவும் இன்னைக்கு!”

அழ நேரமில்லை. அவரை ஓவனைச் சுரண்டவிட்டு, மறுபடி பாலை வெதுவெதுப்பாக்கினார், ஈஸ்டும் சர்க்கரையும் போட்டார், நுரைத்ததும் மைதா, உப்பு, வெண்ணெய் சேர்த்துப் பிசைந்தார். கையில் ஒட்டாத பதம் வந்தபோது மணி பதினொன்று. ஓவனோ தொட்டால் சுடுகிறது, வீடோ ஜில்லிட்டுக் கிடக்கிறது. பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றார்.

கதவு தட்டப்பட்டது. நாத்தனார்! ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்.

உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்தினார். “என்னடி இது, டயரைக் கொளுத்தினியா?”

“பன் ஆகலண்ணி. உங்க தம்பி மாவோட ஓவனைப் போட்டுட்டாரு. இது புது மாவு. உப்பணும், அதுக்குச் சூடு வேணும். போறதுன்னா போங்க. நான் தடுக்கல.”

நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினார். “டேய், சின்னதுல கோழிமுட்டையைக் குஞ்சு பொரிக்கிறேன்னு வெந்நீர்ல போட்டவன்தானே நீ! திருந்தவே மாட்டியா?”

பிறகு செருப்பைக் கழற்றினார். முதுகுவலிக்காகப் பையில் எப்போதும் வைத்திருக்கும் ரப்பர் வெந்நீர்ப் பையை எடுத்து நீட்டினார். “இதுல வெந்நீர் ஊத்து. கொதிக்கக் கூடாது.” சோபாவில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, துண்டை இரண்டாக மடித்துப் போட்டு, அதன்மேல் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். சால்வையால் மூடி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“ஜுரம் இல்ல. உசிரு இருக்கு.”

ஒரு மணி நேரத்தில் சால்வை மேடானது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உருண்டை பிடித்தார்கள். அப்போதுதான் தையல்காரம்மா தலை நிமிராமல் சொன்னார்.

“அன்னைக்குப் பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊத்திட்டேண்ணி. ஈஸ்ட் செத்துப்போச்சு. மாவு எழும்பலன்னு தெரியும். தெரிஞ்சேதான் சுட்டேன். வீம்பு.”

“எனக்கும் தெரியும்.”

“எப்படி?”

“அன்னைக்கு எல்லாருக்கும் வச்ச. நீ மட்டும் ஒண்ணுகூட எடுத்துக்கல.”

தையல்காரம்மா தட்டை ஓவனுக்குள் தள்ளினார்.

இருபது நிமிஷத்தில் பன்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, தவிட்டு நிறத்தில் வந்தன. மேலே வெண்ணெய் தடவி, முதல் பன்னைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, இரண்டாவதை நாத்தனாருக்கு வைத்தார். நாத்தனார் பிய்க்கவில்லை. வாயின் இடது பக்கமாகக் கொண்டுபோய்க் கடித்தார். மென்றார். இன்னொரு கடி கடித்தார்.

“உப்பு கம்மி” என்றார். நாலு பன் சாப்பிட்டார்.

இப்போது ஞாயிறுதோறும் இருவரும் சேர்ந்துதான் சுடுகிறார்கள். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஐந்து மாடிக்குப் பின்னால், தையல் மெஷின் சத்தம் கேட்கும் வீடு. பசியோடு போங்கள். சோபாவில் சால்வை போர்த்தியிருந்தால் மட்டும் தடவிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.