ஆறாவது படம்

கோபன்ஹேகனில் கையுறை தைத்துப் பிழைத்த சிட்செலை யாரும் அழகி என்று சொன்னதில்லை. ஆனால் பார்த்தால் இரக்கம் வரும்படியான முகம் அவளுக்கு. அந்த முகத்தைத் தெருவில் ஓர் ஓவியர் பார்த்துவிட்டார். கெட்டுப்போகும் பெண்ணின் கதையை ஆறு படங்களில் வரைந்து ஊரைத் திருத்துவது அவருடைய திட்டம். ஊரைத் திருத்தக் கிளம்புகிறவர்களுக்கு ஏனோ இளம்பெண்கள்தான் முதலில் கண்ணில் படுகிறார்கள்.

கையுறை வேலை வராத குளிர்காலம் அது. சிட்செல் கூலிக்கு ஓவியர் முன்னால் போய் நின்றாள். மூட்டையோடு நகரத்துக்கு வந்து இறங்கினாள், புதுத் தொப்பி போட்டுக் கண்ணாடி பார்த்தாள், இராணுவ அதிகாரியோடு நடனமாடினாள், கைக்குழந்தையோடு தனியாக உட்கார்ந்தாள், பனியில் தேவாலய வாசலில் நின்றாள். எல்லாம் ஓவியருடைய கணப்புக்குப் பக்கத்தில்தான். அதிகாரியாக வந்தவர் பக்கத்துத் தெருவில் முடிவெட்டுகிறவர். குழந்தை, துணி சுற்றிய மாவு மூட்டை. கடைசிப் படத்துக்கு மட்டும் தலையை நனைத்துக்கொண்டு, கால்வாயிலிருந்து எடுத்த பிணமாக வெறுந்தரையில் கிடந்தாள். பிணம் தும்மிக்கொண்டே இருக்கிறதென்று ஓவியர் சிடுசிடுத்தார்.

படங்கள் அச்சாகி, வண்ணம் பூசப்பட்டு, சொன்னால்தான் அவள் என்று தெரியும்படி கடைகளில் தொங்கின. ஓவியர் முன்னால் போய் நிற்கும் பெண்ணை ஊர் என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்று சிட்செலுக்குத் தெரியும். எனவே அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. கப்பல்களுக்குப் பாய் தைக்கும் ஈவர் அவளைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோதும் சொல்லவில்லை. சொன்னால் இந்தக் கல்யாணம் நடக்காது என்று பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈவர் அவளைத் தன் அம்மாவிடம் காப்பி குடிக்க அழைத்துப் போனான். கடற்படைக்காரர்களின் மஞ்சள் வீடுகளில் ஒன்று அது. அம்மா அபெலோனே, பீரங்கிக்காரர் ஒருவரின் விதவை. சிட்செல் நிமிர்ந்து பார்த்தாள். சோபாவுக்கு மேலே ஐந்து முறை அவளே தொங்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, படத்தையே பாக்குறே?" என்றாள் அபெலோனே. "என் பொண்ணுங்க வழிதவறிடக் கூடாதேன்னு வாங்கினேன். அதுங்க கட்டிக்கிட்டுப் போயிடுச்சுங்க. படத்துல இருக்கிற இவதான் எனக்குத் துணை."

"அம்மா தினம் இவகூடப் பேசுவாங்க. பெத்த புள்ளைக்குத்தான் ஒரு வார்த்தை கிடையாது," என்று ஈவர் சிரித்தான்.

"சும்மா இருடா. பாவம், பனியில நின்னாளா, அதைப் பாத்து ஒரு பாதிரியார் வீட்டுல வேலைக்குச் சேத்துக்கிட்டாங்க. குழந்தையும் நல்லா வளருது."

அன்று பிணமாகக் கிடந்த தரையின் குளிர் சிட்செலின் முதுகில் ஏறியது. யோசிக்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது.

"இல்லீங்க, ஆறாவதுல அவ செத்துப்போயிடுவாளே."

அபெலோனேயின் கையில் காப்பிக் கெண்டி அப்படியே நின்றது. "அதை நான் மாட்டவே இல்லியே. மனசு வரல, மேசை டிராயர்ல போட்டுட்டேன். ஆறாவது இருக்குன்னு உனக்கு யாரு சொன்னா?"

கடையில் பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். தனக்காக இவ்வளவு காலம் ஒருத்தி வருந்தியிருக்கிறாள் என்று தெரிந்தபிறகு அவளுக்குப் பொய் வரவில்லை. "அது நான்தாங்க," என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஈவரின் முகம் வெளுத்தது.

"குழந்தை?" என்று கேட்டாள் அபெலோனே.

"மாவு மூட்டைங்க."

"மாவு மூட்டைக்கா நான் அழுதேன்?" குரலில் நிஜமான கோபம் இருந்தது.

எல்லாம் முடிந்தது என்று சிட்செலுக்குத் தோன்றியது. இனி வேண்டாம் என்பதற்கு அந்த ஊர் வழக்கப்படி கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தாள்.

அபெலோனே மேசை டிராயரிலிருந்து ஆறாவது படத்தை எடுத்தாள். ஈரத்தலையோடு கிடந்தவளையும் எதிரே நின்றவளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படத்தைக் கணப்பில் போட்டுவிட்டு வந்து கவிழ்ந்திருந்த கோப்பையை நிமிர்த்தினாள்.

"உக்காரு," என்று காப்பியை ஊற்றினாள். "அவ்வளவு நேரம் தண்ணியில கிடந்திருக்கே. சூடாக் குடி."