கத்தி பிடித்த காப்பு

சித்தியோடு பேச வருகிறவர்கள் முதலில் அவளுடைய இடது கையைத்தான் பார்ப்பார்கள். பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தக் கையில் கௌரிக் காப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் என்ன பேசுவது, எதைப் பேசாமல் விடுவது என்று அவர்களுக்குப் பிடிபடும்.

ஐப்பசியில் கேதார கௌரி விரதம் முடிகிற அன்று அம்மன் கோயிலில் ஐயர் கட்டிவிடுகிற மஞ்சள் நூல் அது. இருபத்தொரு இழை, இருபத்தொரு முடிச்சு. புருஷன் நல்லாயிருக்க வேண்டுமென்று பெண்சாதி கட்டிக்கொள்வது. நல்ல புருஷன் கிடைக்க வேண்டுமென்று கல்யாணமாகாத பெண்பிள்ளைகளும் கட்டுவதுண்டு. அடுத்த வருடம் அதே நாளில் புதியதைக் கட்டும்வரை கழற்றக்கூடாது, அறுபடவும் கூடாது. எங்கள் ஊர்ப் பெண்களில் முக்கால்வாசிப் பேரின் கையில் அது இருக்கும். அவர்கள் யாரும் அதைப் பெரிதாக நினைத்துக்கொண்டு திரிவதில்லை. பாத்திரம் கழுவுகையில் நனையும், வெயிலில் காயும், நிறம் போகும், அவ்வளவுதான்.

சித்தி அம்மாவின் தங்கை. அவளுடைய கதை வேறு. சித்தப்பா சண்டைக் காலத்தில் ஒருநாள் காலை தண்ணி இறைக்கிற மெசினுக்கு ஏதோ சாமான் வாங்க வேலணையில் யாழ்ப்பாணப் பஸ் ஏறினவர். வழியில் அவரை இறங்கச் சொன்னார்களாம். யார் இறக்கினது, எந்த இடத்தில் இறக்கினது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பஸ் போய்ச் சேர்ந்தது, அவர் போய்ச் சேரவில்லை. நான் அப்போது கைக்குழந்தை. என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வளவு முழுக்கச் சுற்றுவார் என்று சொல்வார்கள். எனக்கு அந்தத் தோள் ஞாபகமில்லை.

அதற்குப் பிறகும் சித்தி வருடம் தவறாமல் விரதம் பிடித்தாள், காப்புக் கட்டினாள். கட்டினால் அவர் இருக்கிறார், கட்டாவிட்டால் இல்லை. அப்படி யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் ஊர் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. கனடாவிலிருந்து பெரிய மாமா தொலைபேசியில் வரும்போதெல்லாம், "அவள் இன்னும் எத்தனை காலம் உந்த நூலோடை இருக்கப் போறாள்?" என்று அம்மாவைக் கேட்பார். அம்மா அங்கே குளிரா என்று கேட்பாள்.

சித்தி எங்களோடு இருக்கவில்லை. நாலு வளவு தள்ளி, சித்தப்பாவின் தாயோடு இருந்தாள். சித்தி அவரை மாமி என்பாள். அந்த வீட்டில் இரண்டே பேர்தான். நான் போய்த் தங்குகிற நாட்களில் பார்த்திருக்கிறேன், மாமி காலையில் குசினியிலிருந்து தேத்தண்ணி கொண்டுவந்து கொடுக்கும்போது ஒரு கணம் சித்தியின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் கோப்பையை விடுவார். மகன் இருக்கிறான் என்று அந்த நூலைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாராக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தக் காலத்தில்தான் எங்கள் ஊரில் நூல் நிலையம் வந்தது, புத்தகம் இருக்கிறதல்ல, நூல் சுற்றுகிறது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் சேர்ந்து, புருஷன் செத்துப்போன, காணாமல்போன பெண்களுக்கு ஒரு தொழில் என்று தொடங்கியது. எங்கள் ஆட்கள் முந்திக் கடை வைத்திருந்த தென்பகுதிப் பட்டணமொன்றில் ஒரு நூல் ஆலை மூடப்பட்டுப் போக, அதிலிருந்த பழைய மெசின் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சின்னச் சின்னக் கட்டைகளில் வருகிற நூலைப் பெரிய கூம்புகளில் சுற்றிக் கொடுப்பதுதான் வேலை. கூம்புகள் தறி இருக்கிற ஊர்களுக்குப் போகும். சித்தி முதல் நாளே வேலைக்குச் சேர்ந்தாள். அம்மா பிரதேச செயலகத்தில் வேலை செய்ததால், பள்ளிக்கூடம் விட்டதும் நான் நூல் நிலையத்துக்குப் போய் சித்தியின் பக்கத்தில் ஒரு கதிரையில் குந்தியிருப்பேன். நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்திருந்த வயது அது.

அந்த மெசினில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு சாமான்தான். கீழே கட்டையிலிருந்து மேலே கூம்புக்கு நூல் பறந்துகொண்டு போகிற வழியில் இரண்டு உருக்குத் தகடுகள் ஒட்டினாற்போல நிற்கும். நடுவில் தலைமயிர் போகிற அளவு இடைவெளி. நல்ல நூல் அதற்குள்ளால் சத்தமில்லாமல் போய்விடும். எங்கேயாவது ஒரு திரட்டு, பஞ்சு மொத்தமாக நின்ற இடம், பெரிதாகப் போட்ட முடிச்சு வந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். நூல் படக்கென்று அறும். நூலில் சாய்ந்துகொண்டிருந்த ஒரு கம்பி கீழே விழ, அந்தக் கூம்பு மட்டும் தானாக நின்றுவிடும். உடனே அங்கே நிற்கிற பெண் வந்து, மொத்தமான துண்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, இரண்டு நுனிகளையும் ஒரு பொடி முடிச்சுப் போட்டு ஓடவிட வேண்டும். முடிச்சுப் பெரிதாக இருந்தால் அது திரும்பவும் பிடிக்கும். அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெயர் இருந்தது. நிலையத்துப் பெண்கள் அதைக் கத்தி என்றார்கள்.

கத்தி என்றால் அவர்களுக்கு ஆகாது. முக்கியமாக, நெய்த துணியில் திரட்டு விழுகிறது என்று ஒருமுறை கூம்புகள் திரும்பி வந்த பிறகு. நிலையத்துக்குப் பொறுப்பாயிருந்த மிஸ், ஆணியைத் திருகி எல்லாக் கத்திகளின் வாயையும் இன்னும் ஒடுக்கிவிட்டார். அன்றிலிருந்து நூல் அறுந்தபடியே இருந்தது.

"உது குருட்டுக் கத்தி. கண்டதையெல்லாம் அறுக்குது," என்று பக்கத்து மெசினில் நின்ற அக்கா திட்டுவார். சித்தியைவிடப் பத்து வயது மூத்தவர், வாய் ஓயாது.

சித்தி மட்டும் கத்தியின் பக்கம். "நல்ல நூலை அது ஒண்டும் செய்யாது அக்கா. பிழை இருந்தால்தான் பிடிக்கும்," என்பாள். சொல்வதோடு விடமாட்டாள். அறுந்த நுனியை எடுத்து அக்காவின் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து இழுப்பாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பருமன் விரலில் தட்டுப்படும். அக்கா ஒத்துக்கொள்ளாமல், "ஓமோம், உம்மடை சொந்தக்காரன்தானே, விட்டுக்குடுப்பீரோ?" என்று வாயை நெளிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள், சித்தியும் சிரிப்பாள். அவள் சிரித்ததை நான் அந்த இடத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மெசினுக்குக் கிட்ட வளையல், நூல், ஒன்றும் கையில் இருக்கக்கூடாது என்பது நிலையத்தின் சட்டம். வளையலைக் கழற்றி வைத்துவிட்டார்கள். காப்பை என்ன செய்வது? மிஸ்ஸின் கையிலேயே ஒன்று இருந்தது. ஆகவே காப்புக்கு மேலால் ஒரு துணித்துண்டைச் சுற்றிக் கட்டிக்கொள்வது என்று தீர்ந்தது. சட்டமும் பிழைத்தது, அம்மனும் கோபிக்கவில்லை.

அது புரட்டாதி முடிகிற நேரம். காப்புக் கட்டி வருடம் ஆகப் போகிறது. சித்தியின் காப்பு நைந்து, தளர்ந்து, முடிச்சுள்ள நுனியொன்று தொங்கிக்கொண்டிருந்தது. அன்று சரியான புழுக்கம். வியர்வையில் துணித்துண்டு இளகி மேலே ஏறிவிட்டதை அவள் கவனிக்கவில்லை. நூல் அறுந்தது. சித்தி எட்டி முடிச்சுப் போட்டாள். அவசரத்தில் காப்பின் தொங்கிய நுனியையும் சேர்த்து முடிந்துவிட்டாள் போலிருக்கிறது. விசையைத் தட்டியதும் வெள்ளை நூலோடு மஞ்சள் நூலும் மேலே ஓடியது. கத்தியின் வாயில் காப்பின் முடிச்சு மாட்டியது. சித்தி பயந்து கையை வெடுக்கென்று இழுத்தாள்.

சத்தம் ஒன்றும் வரவில்லை. கம்பி விழுந்தது, கூம்பு நின்றது. கத்தியின் வாயில் அரைச்சாண் மஞ்சள் நூல் தொங்கியது. மிச்சம் கீழே நூல் தும்புக்குள் விழுந்து கிடந்தது.

பக்கத்து அக்கா பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்தார். ஒவ்வொரு மெசினாக நின்றது. மிஸ் ஓடி வந்து, "நான் சொன்னனான்தானே, இறுக்கிக் கட்டுங்கோ எண்டு," என்று தொடங்கி, சித்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிறகு எல்லோரும் ஒன்றாய்ப் பேசினார்கள். தானாக அறுந்தால்தான் கூடாது, இது கணக்கில்லை என்றார் ஒருவர். அம்மனுக்குத் தெரியும் என்றார் இன்னொருவர். பக்கத்து அக்கா சித்தியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"உமக்கென்ன விசரே? நீர் கையை இழுத்தீர், அறுந்தது. அதுக்கேன் இப்பிடி நிக்கிறீர்?"

சித்தி கத்தியின் வாயிலிருந்து அந்தத் துண்டை மெல்ல எடுத்தாள். முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இழுக்காட்டியும் அது விட்டிராது அக்கா," என்றாள். "பிழையானதைத்தானே அது பிடிக்கும்."

அக்கா தோளிலிருந்த கையை எடுத்துவிட்டு, தன் மெசினுக்குத் திரும்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் சித்தி கதிரையில் இருந்துகொண்டு, அறுந்த இரண்டு துண்டையும் பொருத்தி நூலுக்குப் போடுகிற அதே பொடி முடிச்சைப் போட்டு, கையில் கட்டிவிடும்படி என்னைக் கேட்டாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு கட்டிவிட்டேன். அறுந்த இடம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. மிஸ் வீட்டுக்குப் போகச் சொன்னார். சித்தி போகவில்லை. பின்னேரம்வரை நின்று, தன் கூம்புகளை முடித்துவிட்டுத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வழியில், "மாமியிட்டைச் சொல்லாதை பிள்ளை. அவ தாங்கமாட்டா," என்றாள். நான் சொல்லவில்லை. அன்றிரவு நான் அவர்கள் வீட்டில் தங்கினேன், அடுத்த நாள் காலையும் மாமி தேத்தண்ணியோடு வந்து மணிக்கட்டைப் பார்த்தார், கோப்பையைக் கொடுத்தார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எனக்கு நிம்மதி.

ஐப்பசி பிறந்து விரதம் தொடங்கியது. சித்தி வழமைபோல முழுநாளும் பட்டினி கிடந்து, பொழுதுபட ஒருநேரம் மட்டும் சாப்பிட்டாள். வேலைக்கும் போனாள். கத்தி நூலை அறுத்தபோது பக்கத்து அக்கா திட்டினார். சித்தி இப்போது கத்திக்காக வாதாடவில்லை, அறுந்த நுனிகளை முடிந்துவிட்டுப் போனாள். ஏனென்று இப்போதுதான் விளங்குகிறது. அவள் அந்தக் கத்தியை நம்பியிருந்தாள். ஒருநாளும் அவளுக்குப் பொய் சொல்லாத சாமான் அது ஒன்றுதான்.

விரதம் முடிகிற அன்று பின்னேரம் கோயிலில் சரியான சனம். அம்மா, சித்தி, நான் மூவரும் வரிசையில் நின்றோம். மாமி காப்புக் கட்டுவதில்லை, அவருடைய புருஷன் இறந்து கன காலம். என்றாலும் வருடாவருடம் வந்து, மண்டபத் தூணோடு நின்று, மருமகளுக்குக் கட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அன்றும் நின்றார்.

எங்கள் முறை வந்தது. ஐயர் சித்தியின் பழைய காப்பை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார். சித்தி தானே அதைக் கழற்றித் தட்டத்தில் வைத்தாள். பிறகு என்னை இழுத்துத் தனக்கு முன்னால் விட்டு, என் இடது கையைத் தூக்கிப் பிடித்தாள்.

"இந்த முறை பிள்ளைக்குக் கட்டுங்கோ ஐயா."

"உங்களுக்கு?"

"எனக்குக் காணும். கட்டினது போதும்."

ஐயர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஐயர் வேறொன்றும் கேட்காமல் ஏதோ முணுமுணுத்தபடி என் கையில் கட்டினார்.

எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் ஒருத்திக்கும் காப்பு இல்லை. வரிசையை விட்டு ஓடிப்போய் முதலில் மாமிக்குத்தான் காட்டினேன். "இஞ்சை பாருங்கோ! சித்தி தன்ரை காப்பை எனக்குக் கட்டுவிச்சவ!"

மாமி என் கையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்ற சித்தியின் கையைப் பார்த்தார். காப்பு இருந்த இடத்தில் வெயில் படாத வெளிர்த் தோல் ஒரு கோடாய்த் தெரிந்தது. மாமி அந்த இடத்தைத் தன் இரண்டு கையாலும் மூடிப் பிடித்தார்.

"உனக்கும் தெரிஞ்சிட்டுதோ பிள்ளை?" என்றார் சித்தியிடம். "எனக்கு எப்பவோ மனம் விட்டிட்டுது. நீ நூலோடை இருக்கிறாய், அதை நான் எப்பிடி அறுக்கிறது எண்டுதான் சொல்லாமல் இருந்தனான்."

சித்தி அவருடைய தோளில் முகத்தை வைத்தாள். இரண்டு பேரும் அப்படியே தூணடியில் இருந்துவிட்டார்கள். அவ்வளவு நாளும் அந்த வீட்டில் ஒருத்திக்காக மற்றவள் அந்த நூலைக் காவிச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். சித்தி அழுத சத்தத்தில் மேளம் அடித்தவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். தெரிந்த பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள், நூல் நிலையத்து அக்காவும் வந்தார். யாரோ இருவரின் முந்தானையையும் சரிசெய்து விட்டார்கள். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். அம்மாவிடம் என்னவென்று கேட்டேன். விரதக் களைப்பு என்றாள்.

நான் நம்பினேன். சித்தப்பாவுக்குப் பெட்டி வரவில்லை, பறை அடிக்கவில்லை, கொள்ளி வைக்கவில்லை. அவருடைய செத்தவீடு அதுதான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அழுகிற அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று என் மஞ்சள் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.