பெட்டியில் கட்டிய சிவப்புத் துணி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கொழும்பில், வெள்ளவத்தை நடைபாதையில் வெட்டுத்துணி விற்று, காலி வீதி என்ற பெருந்தெருவில் சொந்தமாகப் புடவைக்கடை போட்டேன். தமிழருக்கு எதிரான கலவரத்தில் எரிந்த கடையை அதே இடத்தில் இரண்டு மாடியாக எழுப்பினேன். பிள்ளைகளைப் படிக்கவைத்து வெளிநாடு அனுப்பினேன். அப்படிப்பட்ட நான், போன வருடம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

லண்டனில் இருக்கும் மகளிடம் நானும் மனைவியும் புறப்பட்டோம். எனக்கு நீரிழிவு, தினமும் இன்சுலின் ஊசி. பெரிய பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து பழுதாகிவிடும், கையோடு கொண்டுபோகவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கடிதமும் தந்தார்.

கவுண்டரில் பெட்டி நிறை கூடிவிட்டது. எல்லோரையும் போல நாங்களும் தரையில் குந்தியிருந்து, அவசரத்தில் சாமான்களை மாற்றி அடுக்கினோம்.

பாதுகாப்புச் சோதனையில் கம்பீரமாகக் கடிதத்தை நீட்டி, இன்சுலின் பையை அவிழ்த்துக் காட்டினேன். சோதித்த சிங்களப் பெண் தும்மினாள்.

"அங்கிள், இது மிளகாய்த்தூள் நே!" என்றாள், சிங்களம் கலந்த தமிழில்.

மனைவி தலையில் கைவைத்தாள். "ஐயோ, இஞ்சேருங்கோ, மற்றப் பையை எல்லோ பெட்டிக்குள்ள வச்சிட்டன்!"

"உன்ர தூள் இல்லாட்டி லண்டனில சனம் சாகுமோ?"

"கடைப் பேரைப் போட்டு எல்லாப் பையையும் ஒரே மாதிரித் தைப்பிச்சது ஆர்?"

பெட்டி எப்போதோ உள்ளே போய்விட்டது. விமானத்தில் போடவேண்டிய ஊசியும் அதற்குள். வாழ்நாள் முழுக்கச் சிங்களத்தில் பேரம் பேசிய நான், டொக்டரின் கடிதத்தையே திரும்பத் திரும்ப நீட்டினேன்.

அந்தப் பெண்தான் எங்களை உட்காரவைத்து, தண்ணீர் தந்து, யார்யாருக்கோ போன் எடுத்தாள்.

"பெட்டி என்ன கலர்?"

"கறுப்பு."

"எல்லாம் கறுப்புதான், அங்கிள்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. கைப்பிடியில் எங்கள் கடைச் சிவப்புத் துணியை முடிந்திருந்தேன். "பட்டிக்காட்டு வேலை, அப்பா" என்று மகன் சிரித்த அதே துணி. அதைச் சொன்னதும் அவள் மறுபடி போன் எடுத்தாள்.

விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள். வரிசை குறையக் குறைய நான் எழுந்து எழுந்து வாசலைப் பார்த்தேன். மனைவி தேவாரம் முணுமுணுத்தாள். கடைசி ஆட்கள் நிற்கும்போது, ஊழியர் ஒருவர் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். சிவப்புத் துணி ஆடியது. இன்சுலினை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினோம்.

'ஒரு சிங்களப் பிள்ளைதான் அப்பாவைக் காப்பாற்றினாள்' என்று மகள் எல்லோருக்கும் சொல்கிறாள். உண்மை. கடை எரிந்ததை நான் மறந்ததில்லை. அவள் தந்த தண்ணீரையும் மறக்கமாட்டேன். ஆனால் அந்தத் துணியைக் கட்டியவன் நான். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.