யாரை எதிர்த்து?

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சிலைத் திறப்பு விழாவுக்குப் போயிருந்தேன். சிலை இருந்தது பிரான்ஸில். நாங்கள் இருந்தது எங்கள் ஊர் உப்பளம் பகுதியில், ஞானப்பிரகாசம் வீட்டு ஹாலில்!

ஞானப்பிரகாசம் என் பல வருஷ நண்பர். ரிட்டயர்டு பிரெஞ்சு வாத்தியார். அவருடைய அப்பா சவரிநாதன் மில் தொழிலாளி. வெள்ளைக்காரன் காலத்தில் – எங்கள் ஊரில் வெள்ளைக்காரன் என்றால் பிரெஞ்சுக்காரன் – கொடி ஏற்றி ஜெயிலுக்குப் போனவர். போலீஸ் அடித்த அடியில் ஒரு காது கேட்காமல் போனது.

'வெளியே போ' என்று சொன்ன மனிதருக்கு, அவர்கள் ஊர் பூங்காவிலேயே சிலை! பாரீஸ் பக்கம் ஒரு சின்ன ஊரில் குடியேறிய நம்மூர்க்காரர்கள் சங்கம் வைத்து, மேயரைச் சம்மதிக்க வைத்து, சாதித்துவிட்டார்கள்.

மகன் ஞானப்பிரகாசத்துக்கு அழைப்பு வந்தது. கோட் தைத்தார். விசா மட்டும் கிடைக்கவில்லை. "திரும்பி வந்துடுவீங்கன்னு என்ன நிச்சயம்?" என்று கவுன்ட்டரில் கேட்டார்களாம். மனிதர் சும்மா இருந்திருக்கலாம்...

"உங்க ஆளுங்களைத் திருப்பி அனுப்பினவரு எங்கப்பா. நான் போய் அங்க தங்குவேனா?" என்று கேட்டிருக்கிறார். அதுவும் சுத்தமான பிரெஞ்சில்!

ஆகவே வீடியோ கால். மேலே புதுக் கோட், கீழே கைலி. பக்கத்தில் அவர் மனைவி ரீத்தா, நான், ஒரு தட்டு முறுக்கு.

சங்கத் தலைவர் துணியை இழுத்தார். கைதட்டல். மேயரம்மா பேச வந்தார். ஞானப்பிரகாசம் எங்களுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"சுதந்திரத்துக்காகப் போராடின மாமனிதர்ங்கறாங்க... சமத்துவத்தை நேசிச்சவராம்... நம்ம குடியரசோட லட்சியங்களை வாழ்ந்து காட்டினவராம்..."

சட்டென்று நிறுத்தினார்.

"நம்மன்னா? யாரு நம்ம?"

கல்வெட்டைக் காட்டினார்கள். 'சுதந்திரப் போராட்ட வீரர்.' யாரிடமிருந்து சுதந்திரம்? அதைக் காணோம். கேட்கிறவர்களுக்கு, சவரிநாதன் ஏதோ பிரான்ஸுக்காகவே ஜெயிலுக்குப் போனவர் என்று தோன்றும்.

அவர்களை மட்டும் சொல்வானேன்? நாமும் வருஷா வருஷம் தியாகிகளுக்கு மாலை போடுகிறோம். யாரோடு மல்லுக்கு நின்றார்கள் என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்... மாலை போட்ட இடத்துக்கு அடுத்த தெருவிலேயே 'பிரெஞ்சு ஸ்டைல்' என்று போர்டு மாட்டி காபி விற்கிறோம்.

"யாரை எதிர்த்துன்னு சொல்லுங்க!" – ஞானப்பிரகாசம் போனைப் பார்த்துக் கத்தினார். அங்கே எல்லோரும் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"எதுக்கு இப்பிடிக் கத்துறீங்க? நீங்க மியூட்ல இருக்கீங்க" என்றார் ரீத்தா. கையை நீட்டி ஒரே தட்டு.

"இப்ப கேளுங்க."

மனிதர் கேட்டார். மெதுவாக, பிரெஞ்சில். அந்தப் பூங்கா ஸ்பீக்கரில் அவர் குரல் எதிரொலித்தது இங்கே எங்களுக்கே கேட்டது.

"மதாம், நான் அவர் மகன். எங்கப்பா யாரை எதிர்த்துப் போராடினார்? அவர் காதை அடிச்சு உடைச்சது யாரோட போலீஸ்?"

சங்கத் தலைவர் பதறிப்போய் மைக்கைப் பிடுங்கினார். "ஐயா... அப்புறம் பேசிக்கலாங்கய்யா..."

மேயரம்மா அவரைக் கையமர்த்தினார். எழுதி வைத்திருந்த பேச்சை மடித்தார். கேமராவை நேராகப் பார்த்து ஏதோ சொன்னார். ரொம்பச் சின்னதாக.

ஞானப்பிரகாசம் தமிழில் சொல்லவில்லை.

"என்னா சொன்னாங்க? சொல்லுங்களேன்!" ரீத்தா தோளைப் பிடித்து உலுக்கினார்.

"'எங்களை எதிர்த்து'ன்னாங்க." கோட் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "'எங்க போலீஸ்தான்'னாங்க."

துணியை இழுத்தவர் சங்கத் தலைவர். சிலையைத் திறந்தது என்னவோ ஞானப்பிரகாசம்தான்.