கட்டிலைச் சுற்றி நடந்த அரபி வகுப்பு

என் தங்கை ஒரு பயிற்சி நிலையத்தில் அரபி கற்பிக்கிறாள். அரபு நாட்டு மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போகவிருக்கும் செவிலியரே அவளுடைய மாணவிகள். முதல் அணிக்குப் பாடப்புத்தகத்தை வரி விடாமல் நடத்தினாள். ஒன்பது பேரும் நெட்டுருப் போட்டார்கள். வாய்மொழித் தேர்வில் ஒன்பது பேரும் தோற்றார்கள்.

"அடுத்த அணியில பாதிப் பேராவது தேறணும் டீச்சர். இல்லேன்னா வகுப்பை மூடிருவோம்," என்றார் மேலாளர்.

தங்கை பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பழைய இரும்புக் கட்டில் ஒன்றை நடுவில் போட்டாள். இரண்டாம் அணியின் ஆறு பேரும் உள்ளே வந்தபோது, அதில் நோயாளியாகப் படுத்திருந்தாள்.

"நாடி பாருங்க, எங்க வலிக்குதுன்னு கேளுங்க. எல்லாம் அரபியில. நம்ம பாஷையில கேட்டா எனக்குக் காது கேக்காது."

அவர்களில் மூத்தவருக்கு வயது நாற்பத்திரண்டு. மற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் பேசாமடந்தை. மூன்று வாரம் அவர் வாய் திறக்கவில்லை. நான்காம் வாரம் தங்கை வயிற்றுவலிக்காரியாக உருண்டு புரண்டபோது, தம்மை அறியாமலே அரபியில் ஆறுதல் சொன்னார்.

"டீச்சர் இன்னும் கொஞ்சம் அலறியிருந்தா அக்கா கவிதையே பாடியிருப்பாங்க," என்றாள் ஒருத்தி.

"சும்மா இருடி. வலியில துடிக்கிறதைப் பார்க்கச் சகிக்கல, அதான்," என்றார் பேசாமடந்தை.

தேர்வு நாளில் நடந்ததைத் தங்கையிடமும் அந்த மூத்த செவிலியரிடமும் தனித்தனியே கேட்டே எழுதுகிறேன், இரண்டும் ஒத்திருக்கின்றன. காய்ச்சலோடு வருபவரை எப்படி விசாரிப்பீர்கள் என்று மேசைக்கு அப்பாலிருந்து தேர்வாளர் அரபியில் கேட்டார். பேசாமடந்தைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற தங்கைக்கு அப்போதுதான் தன் பிழை உறைத்தது: நாற்காலியில் உட்கார்ந்து அரபி பேச அவர்களை ஒருநாள்கூடப் பழக்கவில்லை.

செவிலியர் சட்டென்று எழுந்தார். மேசையைச் சுற்றிப் போய்த் தேர்வாளரின் மணிக்கட்டைப் பிடித்தார். எத்தனை நாளாக, எங்கே வலி, மருந்து ஏதும் சாப்பிட்டீர்களா என்று அரபி தங்குதடையின்றி வந்தது. தேர்வாளர் திகைத்தார், பிறகு தோளைக் காட்டி, நான்கு நாளாக என்றார். அது மெய்யான வலி. கையைத் தூக்கச் சொல்லியும் இறக்கச் சொல்லியும் எட்டு நிமிடம் விசாரணை நடந்தது.

ஆறில் நால்வர் தேறினர், பேசாமடந்தையும் சேர்த்து. தோற்ற இருவர் மட்டும் நாற்காலியை விட்டு எழவேயில்லை. வகுப்பு நிலைத்தது.

"தேர்வாளர் கையைப் பிடிக்கவா சொல்லிக் கொடுத்தீங்க?" என்றார் மேலாளர்.

"இல்ல சார். உக்காந்து பேசச் சொல்லிக் கொடுக்கத்தான் மறந்துட்டேன். அந்த ரெண்டு பேருக்கும் திங்கக்கிழமையிலேருந்து அதைத்தான் நடத்தப் போறேன்."