மைக் சாரின் மிட்டாய்

உறையைப் பிரித்து, மிட்டாயை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்ட பிறகுதான் டிப்போ மேலாளர் ஊழியர்களின் ஓய்வறைக்குள் காலை வைப்பார். லேசில் கடிபடாத கெட்டி எலுமிச்சை மிட்டாய். அது கரைந்து முடியும்வரை அவர் பேசக் கூடாது. ஓய்வறைக்கென்று அவரே தனக்குப் போட்டுக்கொண்ட சட்டம் இது. இதுவரை அவர் போட்ட சட்டங்களில் ஊழியர்கள் மனமார வரவேற்றது இது ஒன்றைத்தான்.

ஆள் வாட்டசாட்டம். குரல் அதைவிட வாட்டசாட்டம். டிப்போவில் அவருக்கு 'மைக்' என்று பெயர். மரியாதை உள்ளவர்கள் 'மைக் சார்' என்பார்கள். போன மாதம் வரைக்கும் காலையில் பேருந்துகள் கிளம்புமுன் அலுவலக ஜன்னலோரம் நின்று மைக்கைப் பிடித்துவிடுவார். டீசல் போடும் இடத்திலிருந்து டயர் மாற்றும் கொட்டகைவரை அவர் ராஜ்ஜியம்தான். சீருடைப் பொத்தான், பிரேக், பயணிகளிடம் காட்ட வேண்டிய சிரித்த முகம் என்று எதையும் விட்டுவைக்க மாட்டார். "நான் பேச ஆரம்பிச்சதும் எல்லா டிரைவரும் இன்ஜினை ஏன் முடுக்கிவிட்டாங்கன்னு இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் புரியுது. நான் என்னமோ சுறுசுறுப்புன்னு நினைச்சுட்டேன்" என்று அவரே சொல்லி, அவரே வயிறு குலுங்கச் சிரிப்பார்.

போன வருடம் அவர் ஒரு சாதனை செய்தார். ஒரு வழித்தடத்தின் கடைசி ஸ்டாப்பில் வண்டி சற்று நின்று திரும்பும் வழக்கத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டார். வந்த வேகத்தில் திரும்ப வேண்டியது. நாளுக்கு ஒரு நடை கூடுதல். தலைமை அலுவலகம் கேடயம் கொடுத்தது. அதை வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். மனைவி அதன்மேல் தன் மூக்குக்கண்ணாடியை மாட்டி வைக்கிறாள் என்பது அவருக்கு வெகு நாள் தெரியாது.

அந்த வழித்தடத்தில் ஒரு பெண் கண்டக்டர் இருக்கிறார். அவர் ஊதும் விசில் கேட்டிருக்கிறதே தவிர அவர் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. அதனால் எல்லாருக்கும் அவர் விசில் அக்கா. இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்க்கிறவர். போன மாதக் கடைசியில் ஓடுகிற பேருந்திலேயே அவர் மயங்கி விழுந்தார். உடம்பில் தண்ணீர் இல்லை என்றார் டாக்டர். விடுவாரா மேலாளர்? மறுநாள் மைக்கைப் பிடித்தார். "எல்லாரும் தண்ணி குடிங்க. நிறைய குடிங்க. இது என் உத்தரவு!" கீழே நின்ற பெண் கண்டக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பேச்சு எடுபட்டுவிட்டது என்று பூரித்துப்போய் இன்னொரு தடவை சொன்னார்.

சில நாள் கழித்து விசில் அக்கா வந்து, இந்த மாசக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றார். மேலாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா? என்ன பிரச்சினை? வீட்டுலயா? வீட்டுலதான் இருக்கும். எல்லாம் சரியாப் போயிடும். நல்லா ரெஸ்ட் எடு, நல்லா சாப்பிடு, போ." அக்கா திறந்த வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அங்கலாய்த்தபோது மனைவி கேட்டாள்: "கேள்வி கேட்டீங்க சரி. பதில் சொல்ல விட்டீங்களா?"

"அது எங்க பேசுது?"

"கட்டின பொண்டாட்டி எனக்கே இன்னும் முறை வரல. அந்தப் பொண்ணுக்கு எங்க வரும்?" என்றவள், அலமாரியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவர் கையில் வைத்தாள். "இது கரையற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க." மிட்டாயை வைத்தது அவள், முதல் பலனை அனுபவித்ததும் அவள்தான். "என் மச்சினிச்சி வேலை மாறி மூணு மாசமாச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்கே தெரியும்" என்கிறார் மேலாளர்.

மைக்கை அலமாரியில் பூட்டிவிட்டு, மிட்டாயும் கையுமாக ஓய்வறைக்குப் போய் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். முதல் நாள் எல்லாரும் அவர் கன்னத்தையே பார்த்தார்கள். "சார், பல்லு வலியா? கிராம்பு வைங்க" என்றார் ஒரு மூத்த டிரைவர். மறுநாள் யாரோ ஓடாத மின்விசிறியைப் பற்றி ஆரம்பித்தார்கள். பிறகு உடைந்த கண்ணாடி, பிறகு ஷிப்ட். ஒவ்வொன்றுக்கும் மேலாளரிடம் மூன்று பதில் தயாராக இருந்தது. பொறுக்க மாட்டாமல் ஒரு நாள் மிட்டாயைக் கடித்துவிட, கடைவாய்ப் பல்லில் பாதி போயிற்று. அந்த வாரமே இரண்டு டிரைவர்கள் அவரைக் கேட்காமல் தங்களுக்குள் பேசி ஷிப்டை மாற்றிக்கொண்டார்கள். வண்டிகள் ஒழுங்காக ஓடின. "நான் இல்லாமலே டிப்போ நடக்குதே!" என்று அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு.

ஆனால் விசில் அக்கா மட்டும் கதவோரம் நின்று கேட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். மாதமும் முடியப்போகிறது. காரணம் தெரியாமலே அவரை அனுப்பிவிடுவோமோ என்று மேலாளருக்கு அடித்துக்கொண்டது.

இன்று காலை அக்கா வாயைத் திறந்தார்.

"தண்ணி குடிக்கச் சொல்றீங்க சார். குடிச்சா எங்க போறது?"

மேலாளரின் வாயில் மிட்டாய் உருள்வது நின்றது.

"முன்னல்லாம் கடைசி ஸ்டாப்புல வண்டி நிக்கும். அங்க தையல்கடைக்காரம்மா பாத்ரூம் சாவி குடுப்பாங்க, போயிட்டு வந்துடுவோம். இப்ப இறங்கறதுக்குள்ள வண்டி திரும்பிடுது. ஆம்பளைங்க எங்கயாவது ஒதுங்கிக்கிறாங்க. நாங்க சாயங்காலம் வரைக்கும் தொண்டைய நனைக்கறதோட சரி. இப்படியே போனா கிட்னி போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதான் நிக்கறேன்."

'யாராவது சொல்லியிருக்கலாமே' என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. மிட்டாய் அதை மறித்தது. யார் சொல்வது? மைக் அவர் கையில் அல்லவா இருந்தது! டிவி பக்கத்துக் கேடயம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு. சிரித்துச் சமாளிக்க முடியாத வெட்கம். மிச்சமிருந்த மிட்டாயை அப்படியே விழுங்கினார்.

"இன்னையிலேர்ந்து வண்டி நிக்கும்மா" என்றார். அவர் வாழ்நாளில் ஆற்றிய மிகச் சிறிய உரை அதுதான்.

"மேல ஒத்துக்குவாங்களா சார்?"

"கேடயத்தத் திருப்பிக் குடுத்துடறேன். என் வீட்டம்மாவுக்குத்தான் கண்ணாடி மாட்ட இடமில்லாமப் போயிடும்."

ஓய்வறை சிரித்தது. விசில் அக்காவும் சிரித்தார். "அப்ப வண்டி நிக்கட்டும், நான் நிக்கல சார்" என்று சொல்லி, பெஞ்சில் இருந்த பாட்டிலை எடுத்து, அண்ணாந்து, மடமடவென்று குடித்தார். மேலாளருக்கு நாக்கு துறுதுறுத்தது. தண்ணீரின் அருமையைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல இதைவிட நல்ல நேரம் வருமா? வாயைத் திறந்தேவிட்டார்.

அதற்குள் மூலையிலிருந்து இன்னொரு பெண் கண்டக்டர் எழுந்து, அவர் கன்னத்தையே பார்த்துத் தயங்கி, "சார், எனக்கும் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

மேலாளர் சட்டைப் பையைத் துழாவினார். வெறும் உறைதான் இருந்தது. திறந்த வாயை மூடி, நாக்கால் இடது கன்னத்தை உருண்டையாக உப்ப வைத்துக்கொண்டு, சொல்லும்மா என்று தலையை ஆட்டினார்.